குளக்கரைகளின் அபாய வகுப்பு

தாமிரபரணிப் பாசனத்தில் நிலமுடையோர் ஒரு குளத்தைப் பற்றிப் பேசுங்கால், அதன் ஆயக்கட்டு எத்தனை ஏக்கர், மடைகள் எத்தனை, ஒருமுறை பெருகினால் எத்தனை நாள் தாங்கும் என்பவற்றையே முதலிற் கூறுவர். இவை யாவும் குளம் தரும் பயனைக் குறிக்கும் அளவுகள். அக்குளத்தின் கரை ஓர் இரவில் உடையுமாயின் யாருக்கு என்ன நேரும் என்பதைக் குறிக்கும் அளவும் ஒன்று உண்டு. பொறியாளர்கள் அதனை அபாய வகுப்பு என்பர். பெரிய அணைகளுக்கு மாத்திரமே உரியதென எண்ணப்படும் இவ்வளவு, கிராமத்துச் சிறு குளங்களுக்கே மிகவும் வேண்டற்பாலது என்பதை இங்குக் காட்ட முயல்வோம்.

கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் ஈறாக இந்நதியில் எட்டு அணைக்கட்டுகள் உள. அவற்றிலிருந்து பிரியும் கால்வாய்கள் நேரே வயல்களுக்குப் பாய்வதோடு, வழியிலுள்ள குளங்களையும் நிரப்பிச் செல்கின்றன. ஒரு குளத்தின் மறுகால் நீர் அடுத்த குளத்துக்கும், அதன் மறுகால் அதற்கடுத்ததற்கும் போய்ச் சேருமாறு முன்னோர் இவற்றைத் தொடுத்து வைத்தனர். கரைகள் எல்லாம் மண்ணாலானவை. பல நூற்றாண்டுகளாக மண் போட்டுப் போட்டு உயர்த்தப்பட்டமையால், எந்தக் கரையின் உள்ளே எவ்வகை மண் உள்ளது என்பதற்கு வரைபடமோ குறிப்போ பெரும்பாலும் கிடையாது.

2023-ஆம் வருஷம் டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழை இக்கரைகளுக்கு நேர்ந்த பெருஞ்சோதனையாகும். 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டரும், திருச்செந்தூரில் 69 சென்டிமீட்டரும், ஸ்ரீவைகுண்டத்தில் 62 சென்டிமீட்டரும் பதிவாயின. திருநெல்வேலி, தூத்துக்குடி ஆகிய இரு ஜில்லாக்களிலும் பல குளங்கள் உடைந்தன. ஸ்ரீவைகுண்டம் வடகால் தொடரின் கடைக்கோடியில், தூத்துக்குடிக்கு அண்மையிலுள்ள கோரம்பள்ளம் குளத்தின் கரையும் உடைந்து, நகரத்தின் புறப்பகுதிகளும் பெருஞ்சாலையும் நீரில் மூழ்கின. இருப்புப்பாதையின் கீழிருந்த மண்ணும் கல்லும் அரித்துச் செல்லப்பட்டமையால், திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் நூற்றுக்கணக்கான பிரயாணிகளுடன் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நின்றுவிட்டது. பிசான நெல்லும் வாழையும் அழிந்தன. உடைப்பு நீர் கொணர்ந்த மணல் வயல்களில் மேடிட்டமையால், அதனை வாரி அப்புறப்படுத்தும் செலவும் குடிகள் தலையில் விழுந்தது.

அபாய வகுப்பு என்றவுடன் கரையின் பழுதைக் குறிப்பதாகப் பலர் கருதுவர். அஃது அன்று. கரை திடமானதா, பழுதுற்றதா என்பது ஒரு கேள்வி. உடைந்தால் என்ன கெடும் என்பது முற்றிலும் வேறொரு கேள்வி. பனங்காட்டின் நடுவே, கீழே ஒரு குடிசையும் இல்லாத இடத்தில், கரையெல்லாம் எலி வளையாய்க் கிடக்கும் குளம் ஒன்று இருக்கலாம். அதன் நிலைமை மோசம். அபாய வகுப்போ தாழ்ந்தது. சென்ற வருஷந்தான் மராமத்துச் செய்து, கல் பாவி, கண்டோர் மெச்சும்படி நிற்கும் குளம் மற்றொன்று. அதன் மடைக்கு நேர் கீழே நாற்பது வீடுகளும் ஒரு பள்ளிக்கூடமும் உள்ளன. இதன் நிலைமை நன்று. ஆயினும் அபாய வகுப்பில் இதுவே முதலாவது. கரை சிறிதும் மாறாதிருக்க, கீழே வீடு எழும்பிய ஒரே காரணத்தால் ஒரு குளம் தாழ்ந்த வகுப்பிலிருந்து உயர்ந்த வகுப்புக்கு ஏறிவிடும். கிராம உத்தியோகஸ்தர்கள் முக்கியமாக மனத்திற் கொள்ள வேண்டியது இதுவே.

அமெரிக்க ஐக்கிய நாட்டில் அணைகளை மூன்று வகுப்பாகப் பிரிக்கின்றனர். உடைந்தால் ஓர் உயிரேனும் போகக்கூடும் என்றால் அது முதல் வகுப்பு. உயிர்ச் சேதம் இராது, ஆயின் சாலை, பாலம், குடிநீர் முதலியவற்றுக்குப் பெருஞ்சேதம் நேரும் என்றால் அது இடை வகுப்பு. உடையவனது சொந்த நிலத்துக்கு மாத்திரம் நஷ்டம் என்றால் அது கடை வகுப்பு. நம் நாட்டில் மத்திய நீர்வளக் குழுமம் 2020-ஆம் வருஷத்தில் வெளியிட்ட வழிகாட்டுதல் நான்கு வகுப்புகளைக் கூறுகிறது. கீழே வாழும் ஜனத்தொகை, பொருட்சேதம் முதலியவற்றை எண்ணாற் கணக்கிட்டு வகுப்பைத் துணிவது அதன் முறை. கிராமத்தில் வைத்துச் செய்வதற்கு மூன்று வகுப்புப் பிரிவே எளிது என்பது எமது அபிப்பிராயம்.

2021-ஆம் வருஷத்து அணைப் பாதுகாப்புச் சட்டம் அமலில் இருக்க, இவ்வேலையைக் குடிகள் ஏன் செய்யவேண்டும் என்று கேட்கலாம். அச்சட்டம் 15 மீட்டருக்கு, அதாவது சுமார் 49 அடிக்கு, மேற்பட்ட உயரமுள்ள அணைகளையே பொதுவாகத் தழுவுகிறது. 10 மீட்டருக்கும் 15 மீட்டருக்கும் இடைப்பட்டவை, நீளத்திலோ கொள்ளளவிலோ வெள்ள அளவிலோ குறித்த எல்லையை எட்டினால், அல்லது அஸ்திவாரமோ அமைப்போ வழக்கத்துக்கு மாறாக இருந்தால், அதனுள் அடங்கும். பாபநாசம், மணிமுத்தாறு, சேர்வலாறு அணைகள் இச்சட்டத்தின் கண்காணிப்பில் வருவன. நமது குளங்களில் பெரும்பாலானவற்றின் கரை 10 மீட்டர் உயரத்தை எட்டுவதில்லை. ஆகவே, வருஷந்தோறும் பரிசோதித்து அறிக்கை எழுதவேண்டும் என்னும் அச்சட்டத்தின் கட்டளை இக்குளங்களைத் தீண்டுவதில்லை. நூறு ஏக்கருக்கு மேற்பட்ட ஆயக்கட்டுள்ளவை நீர்வளத் துறையினிடத்தும், அதற்குக் குறைந்தவை பஞ்சாயத்து யூனியன்களினிடத்தும் இருப்பது பொது ஏற்பாடு. உயரத்தைக் கொண்டு சட்டம் எல்லை வகுக்கலாம். வெள்ளம் அவ்வெல்லையைப் பார்த்து வருவதில்லை.

பயிருக்கன்றிப் பொழுதுபோக்குக்கென நிறுத்தி வைக்கப்பட்ட நீர்நிலை ஒன்று செய்த நாசத்தை இங்குக் கூறுதல் தகும். நகரங்களை அடுத்த குளங்களில் நடைபாதையும் படகும் அமைக்க நம்மவரும் இக்காலத்தில் விரும்புகின்றனராதலின், இது வேற்றூர்க் கதை என்று தள்ளற்பாலதன்று. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாகாணத்தில், கால்வாய்ப் போக்குவரத்துக்கு நீர் தருவதற்காகக் கட்டப்பட்ட 72 அடி உயர மண் அணை ஒன்று, பின்னாளில் அக்கால்வாய் பயனற்றுப் போகவே, 1879-இல் சௌத் ஃபோர்க் மீன்பிடி வேட்டைக் கழகம் என்னும் செல்வர் சங்கத்தின் கைக்கு வந்தது. நீரை அடியிலிருந்து வெளியேற்றும் இரும்புக் குழாய்களை முன்னிருந்த உடைமைக்காரர் பெயர்த்து விற்றுவிட்டனர். கழகத்தார் அவற்றைத் திரும்ப வைக்கவில்லை. வண்டிகள் ஒன்றையொன்று கடந்து போகும்படி கரையின் தலையைச் சற்றுத் தாழ்த்தி அகலமாக்கினர். ஏரியில் விட்ட மீன்கள் போய்விடாதிருக்க, மறுகால் வாயில் வலைத் தடுப்பும் வைத்தனர். 1889 மே 31-ஆம் தேதி பெருமழையில், குப்பையும் கிளையும் அத்தடுப்பில் அடைத்துக்கொள்ள, நீர் கரைமேல் வழிந்து அணை உடைந்தது. 14 மைலுக்குக் கீழிருந்த ஜான்ஸ்டவுன் நகரில் 2,209 பேர் மாண்டனர்.

இதில் நமக்குப் புதிதாக இருப்பது என்ன? மீன் குத்தகை எடுத்தவர் மறுகாலில் மூங்கில் தட்டியும் வலையும் கட்டுவது நம் குளங்களிலும் உண்டு. கரைமேல் வண்டி போய்ப் போய்ப் பள்ளமாவதும் உண்டு. பள்ளமான ஓரிடத்திலேயே நீர் முதலில் வழியும். வழிந்த இடத்திலேயே கரை அறுக்கும். மடைப்பலகை துருப்பிடித்துத் திறவாமற் கிடப்பதும் உண்டு. பொழுதுபோக்குக் குளத்தில் இவற்றோடு மற்றொரு குறையும் சேரும். படகு ஓட்டுபவர் எந்நாளும் குளம் நிறைந்திருக்கவே விரும்புவர். பாசனக் குளமோ பயிர் முதிர முதிர இறங்குவதால், அடுத்த மழைக்கு இடம் விட்டு நிற்கிறது. நிறைந்த குளத்தில் அவ்விடமும் இல்லை. வந்த நீர் முழுதும் மறுகால் வழியே உடனே போயாக வேண்டும்.

மறுகாலைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறவேண்டும். ஏனெனில் கரையின் ஆயுள் அதன் கையில் உள்ளது. 112 அடி நீளமுள்ள கலிங்கு ஒன்றைக் கொள்வோம். கலிங்கின் தலைக்கும் கரையின் தலைக்கும் உயர வித்தியாசம் மூன்று அடி. நீர் கரையின் தலையைத் தொடும் தறுவாயில், கலிங்கின் மேல் மூன்று அடி ஆழத்தில் ஓடும் வெள்ளம் வினாடிக்குச் சுமார் 1,800 கன அடி. இனி, நீரைத் தேக்கும் ஆசையால் கலிங்கின்மேல் மணல் மூட்டைகளை ஓரடி உயரத்துக்கு அடுக்குகின்றனர் எனக் கொள்வோம். எஞ்சிய ஆழம் இரண்டு அடி. அப்போது ஓடக்கூடியது சுமார் 980 கன அடியே. ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு குறைந்தால் வெள்ளத்திலும் மூன்றில் ஒரு பங்குதான் குறையும் என்று நினைப்பது இயல்பு. உண்மையில் ஏறக்குறைய பாதி குறைந்துவிடுகிறது.

அந்த ஓரடி நீரின் ஆசையை நாம் எளிதாக இகழ்வதற்கில்லை. நூறு ஏக்கர் நீர்ப்பரப்புள்ள குளத்தில் ஓரடி என்பது 43 லட்சத்து 56 ஆயிரம் கன அடி. பிசானத்தின் கடைசியில் கதிர் பால் பிடிக்கும் தருணத்தில், 400 ஏக்கருக்கு மூன்று அங்குலம் வீதம் ஒரு தண்ணீர் கட்ட அது போதும். ஒரு தண்ணீருக்காக விளைச்சல் முழுவதையும் இழந்தவர் இதன் விலையை அறிவர். ஆயினும், அந்நீரினால் பயனடைவோர் ஆயக்கட்டுதாரர். அதற்காக ஏற்கும் அபாயமோ கரையின் கீழ் வாழும், பல இடங்களில் ஒரு சென்ட் நன்செயும் இல்லாத, கூலிக் குடும்பங்களுடையது. மூட்டை அடுக்குவோர் அவர்களைக் கேட்டு அடுக்குவதில்லை. மழைக்காலம் முற்றும் கழிந்து, வானம் தெளிந்தபின், நீர்வளத் துறையின் உதவிப் பொறியாளர் அறிய அடுக்குவதற்கும், கார்த்திகை மழைக்கு நடுவே இரவில் அடுக்குவதற்கும் வித்தியாசம் உண்டு.

கலிங்கு தானாகவேனும் போதுமா என்பதையும் பார்க்க வேண்டும். சென்னை மாகாணத்துப் பொறியாளர்கள் பழைய நாளிலிருந்து கையாண்ட ரைவ்ஸ் சூத்திரப்படி, குளத்துக்கு நீர் வரும் பரப்பைச் சதுர மைலாகக் கொண்டு, அதன் கன மூலத்தைத் தன்னாற் பெருக்கி, வந்த தொகையைக் கடற்கரைப் பாங்கான இடங்களில் 450-ஆலும், மலையடிவாரங்களில் 675-ஆலும் பெருக்க வேண்டும். எட்டுச் சதுர மைல் பரப்பாயின் கன மூலம் 2. தன்னாற் பெருக்க 4. கடற்கரைப் பக்கத்துக்கு வெள்ளம் வினாடிக்கு 1,800 கன அடி. மேற்சொன்ன கலிங்கு இதற்குச் சரியாக அமைந்தது. ஆனால் ஸ்ரீவைகுண்டத்தில் ஒரே நாளிற் பெய்த 62 சென்டிமீட்டர் மழை இப்பரப்பில் பெய்து, அதில் மூன்றில் இரண்டு பங்கு ஓடி வந்தாலும், 24 மணி நேரமும் ஒரே சீராக வினாடிக்கு 3,500 கன அடி வரும். மழை ஒரே சீராகப் பெய்வதில்லையாதலால் உச்ச வெள்ளம் இதனினும் மிகும். அத்தகைய மழையில் சூத்திரப்படி கட்டிய கலிங்கும் தோற்கும். ஆதலின், கரையைக் காப்பது ஒரு வேலை, கரை நில்லாதபோது கீழுள்ள மனிதரைக் காப்பது மற்றொரு வேலை என்று பிரித்து வைப்பது அவசியமாகிறது. அபாய வகுப்பு பயன்படுவது இரண்டாவது வேலைக்கே.

வெள்ளமில்லாத நாளிலும் கரை உடைவதுண்டு. உள்ளே ஊறும் நீர், மண்ணைச் சிறிது சிறிதாகக் கரைத்துக்கொண்டு புறச்சரிவில் வெளிவரும். மடையின் கட்டடத்துக்கும் கரை மண்ணுக்கும் இடையேயுள்ள சந்து, எலி, நண்டு வளைகள், பட்டுப்போன சீமைக்கருவேல வேர்கள் ஆகிய இவையே அதற்கு வழி. மகாராஷ்டிரத்து ரத்தினகிரி ஜில்லாவில் திவரே என்னும் சிற்றணை 2019 ஜூலை 2-ஆம் தேதி இரவு உடைந்து சுமார் இருபது பேர் உயிரிழந்தனர். கசிவு இருப்பதை ஊரார் முன்னரே தெரிவித்திருந்தனர். நண்டுகளே காரணம் என்று அம்மாகாண மந்திரி ஒருவர் கூறியது அந்நாளில் மிகவும் பரிகசிக்கப்பட்டது. நண்டு வளை கரைக்குக் கேடு என்பதை நம் மடைக்காவலர் யாரும் மறுக்கமாட்டார். வளையை அடைக்கும் பொறுப்பு நண்டினுடையதன்று என்பதையும் அவர்கள் அறிவர்.

கசியும் நீர் தெளிவாக, வருஷந்தோறும் ஒரே அளவாக இருந்தால் உடனே அஞ்ச வேண்டியதில்லை. குறித்து வைத்துக் கவனித்து வரலாம். நீர் கலங்கி வருமாயின், அல்லது ஒரு நாளைக்கு ஒரு நாள் மிகுமாயின், கரையின் உடல் கரைகிறது என்பது பொருள். அவ்வேளையில் நம்மவர் கையாளும் வழக்கம் ஒன்று கேடானது. கசிவு வெளிப்படும் வாயைக் களிமண்ணால் அடைத்து மிதித்து விடுகின்றனர். அடைபட்ட நீர் உள்ளேயே அழுத்தம் கொண்டு, வேறோரிடத்தில் பெருவாயாக வெடிக்கும். செய்யத் தக்கது இதற்கு மாறானது: நீர் வெளிவரட்டும், மண் வரலாகாது. கசியும் இடத்தின்மேல் முதலில் பருமணலும், அதன்மேல் சிறு சரளையும், அதன்மேல் கல்லும் பரப்பினால், மணல் மண்ணைப் பிடித்து நிறுத்தும். நீர் தெளிந்து வடியும். கரையடியில் நீர் ஊற்றுப்போற் கொப்புளித்தால், அதனைச் சுற்றி மணல் மூட்டைகளால் கிணற்றுச் சுவர்போல் வளைத்துச் சிறிது நீர் நிற்கவிட, ஊற்றின் வேகம் தணியும். உட்சரிவில் வளையின் வாய் தென்படுமாயின் அங்கேதான் களிமண் வேண்டும். பருமணலும் சரளையும் மழை வந்தபின் தேடக் கிடைப்பன அல்ல. புரட்டாசியிலேயே கரையோரத்தில் குவித்து வைத்தல் வேண்டும்.

இனி வகுப்பைத் துணியும் முறை. ஐப்பசி மழைக்கு முன்னர், கிராம நிர்வாக அலுவலரும், ஆயக்கட்டுதாரர் இருவர் மூவரும், மடையை நன்கறிந்த முதியவர் ஒருவரும் சேர்ந்து, கரையின் ஒவ்வொரு மடையிலிருந்தும், கரை தாழ்ந்த இடங்களிலிருந்தும், நீர் போகும் வழியே கீழ்நோக்கி நடக்க வேண்டும். பழைய உடைப்பு நேர்ந்த இடம் எது என்பதை முதியவர் காட்டுவார். பெரும்பாலும் அங்கே ஒரு குட்டையோ மணல் திட்டோ எஞ்சியிருக்கும். வழியிலுள்ள வீடுகள், பள்ளிக்கூடம், கோயில் மண்டபம், சாலை, இருப்புப்பாதை, மின்சாரக் கம்பம், குடிநீர்க் கிணறு ஆகியவற்றைக் கிராமப் படத்தில் குறித்துக்கொள்ளலாம். முழங்காலுக்கு மேல் வேகமாக ஓடும் நீரில் வளர்ந்த மனிதனும் நிற்பது அரிது. குழந்தைகளையும் முதியோரையும் சொல்ல வேண்டுவதில்லை. அத்தகைய நீர் வரக்கூடிய இடத்தில் மனிதர் உறங்கும் வீடு ஒன்றிருந்தாலும் அக்குளம் முதல் வகுப்பு. பகலில் மாத்திரம் ஆள் இருக்கும் களத்தையும் கொட்டிலையும் எப்படிக் கொள்வது என்பதில் தர்க்கம் வரும்; அறுவடைக் காலத்தில் களத்தில் ஆட்கள் படுப்பது வழக்கமாயின், அதனையும் வீடு என்றே கொள்ளுதல் நன்று.

நமது குளங்கள் தொடராக அமைந்தமையால் மற்றொன்றும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மேற்குளம் உடைந்தால் அதன் நீர் முழுவதும் கீழ்க்குளத்தின்மேல் ஒருசேர விழும். அதன் கலிங்கு அதற்கெனக் கட்டப்பட்டதன்று. ஆதலால் வெட்டவெளியில் தனியே நிற்பதாகத் தோன்றும் மேற்குளத்துக்கும், கீழ்க்குளத்தின் வகுப்பையே கொடுத்தல் முறை. இதற்கு இரண்டு, மூன்று கிராமங்கள் கூடிப் பேச வேண்டியிருக்கும். காட்டோடை கலக்கும் கால்வாய்களில் இது பின்னும் அவசியம். தலைமடையை அடைத்துவிட்டால் ஆற்று வெள்ளம் நிற்கும். இடையிற் புகும் ஓடை வெள்ளம் நில்லாது.

முதல் வகுப்பெனக் கண்ட குளத்துக்கு, கனமழை எச்சரிக்கை வந்த இரவுகளில் காவல் வேண்டும். பகற்காவல் மாத்திரம் போதாது. உடைப்பைத் தடுக்க ஊராரைக் கட்டாயமாக வேலைக்கு அழைக்கும் அதிகாரத்தைச் சென்னை மாகாணத்தின் 1858-ஆம் வருஷத்து முதலாவது சட்டம் அளித்தது. அக்காலத்தோர் அதனை எவ்வளவு அவசரமான காரியமாகக் கருதினர் என்பதற்கு அது சான்று. காவலர் யாரிடம் முதலிற் சொல்ல வேண்டும், எவ்வீட்டாரை முதலில் எழுப்ப வேண்டும், அவர்கள் ஏறி நிற்கும் மேட்டிடம் எது என்பன முன்னரே எழுதப்பட்டிருக்க வேண்டும். மேட்டுக்குப் போகும் வழி மறுகால் ஓடையைக் கடக்குமாயின் அவ்வழி உதவாது.

ஆக்கிரமிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2007-ஆம் வருஷத்துக் குளங்கள் பாதுகாப்புச் சட்டம் குளத்தின் எல்லைக்குள் ஆக்கிரமித்தோரை அகற்றுவதற்கானது. கரைக்கு வெளியே, பட்டா நிலத்தில், மடைக்கு எதிரே வீடு கட்டுவோரை அது தடுப்பதில்லை. நன்செய் மனையாக மாறும்போது மேலேயுள்ள குளத்தின் வகுப்பும் மாறுகிறது என்பதை மனை வாங்குவோரிடம் சொல்வார் இல்லை. கிராம நிர்வாக அலுவலர் தம் படத்தில் குறித்துள்ள வெள்ள வழியை, கேட்க வந்தவருக்குக் காட்டினாலே பாதி வேலை முடிந்தது.

கடைசியாக, நீர் கரையின் தலையை நெருங்கும் வேளையில் கரையை எங்கே வெட்டி விடுவது என்னும் சச்சரவு எழுகிறது. மேலூராரும் கீழூராரும் மண்வெட்டியும் விளக்குமாக எதிரெதிரே நிற்கும்போது அதனைத் தீர்க்க முடியாது. கரை உயரம் மிகக் குறைந்து, தரை கெட்டியாயிருந்து, நீர் வீடுகளைத் தொடாமல் ஓடைக்குப் போய்ச்சேரும் ஓரிடம் பல குளங்களில், கோடியிலோ கலிங்கின் அருகிலோ, உண்டு. அவ்விடத்தை உதவிப் பொறியாளரைக் கொண்டு வெயிற்காலத்திலேயே குறித்து, இரு ஊராரும் அறியக் கல் நட்டு, படத்தில் ஒரு பிரதியைக் கிராம நிர்வாக அலுவலரிடத்தும் மற்றொன்றைக் கீழூர்ப் பஞ்சாயத்திலும் வைத்துக்கொள்ளலாம். அவ்வழியில் அகப்படும் வயல்கள் யாருடையவை, அவற்றின் பயிருக்கு ஆயக்கட்டுதாரர் என்ன ஈடு செய்வது என்பதும் அதே நாளில் பேசி எழுதப்பட வேண்டும். அது தீராதவரை கல் நட்டும் பயனிராது.